மோதிரத்தின் நாற்காலி

தும்மல் வந்தால் முதலில் சுவரைப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் தும்மிவிட்டால் இடுப்பில் ஆணி இறங்கினது போல ஒரு வெட்டு. அது தொடை வழியாக ஓடி, இடது கால் கட்டைவிரலில் போய் மரத்து உட்கார்ந்துகொள்ளும். ஆபரேஷனுக்கு முன்னால் மாதக்கணக்கில் எனக்கு இதுதான் பிழைப்பு. பதினாறு வருஷம் லோடு ஏற்றினவன், செருப்பு மாட்ட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. கக்கூஸில் உட்கார்ந்து எழ, மேலே போகிற தண்ணீர்க் குழாயில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதைப் பிடித்துத்தான் எழுவேன்.

அந்தக் கயிற்றைக் கட்டிக் கொடுத்தவன் என் சகலை. ஒன்பது விரலால் கட்டின முடிச்சு. இன்று வரை இளகவில்லை. ஒவ்வொரு காலையும் அதைப் பிடித்துத் தொங்கும்போது, இளகித் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றும்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். மேஸ்திரியிடம் சொல்லி அவனைக் குடோனில் சேர்த்ததே நான்தான். சேர்ந்த இரண்டாம் வருஷம் டிராலிக்கும் தூணுக்கும் நடுவில் கை மாட்டி, இடது கை மோதிர விரல் அடியோடு போனது. அவன் கட்டோடு திரும்பி வந்த அன்றே ஆட்கள் அவனுக்கு ‘மோதிரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் குடோன் வாசலில் ஒரு பலகை உண்டு. ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே தினமும் எண்ணை மாற்றி மாட்டுவார்கள். நூறு வந்தால் எல்லாருக்கும் பத்து நாள் கூலி போனஸ். நடுவில் யாருக்காவது அடிபட்டு அது விபத்துப் புத்தகத்தில் ஏறினால் எண் திரும்பவும் பூஜ்யம். அதனால் பலகையில் எண்பது தாண்டிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ரத்தமே வராது. நசுங்கின நகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு “ஒன்னுமில்லண்ணே, கீறல்” என்பார்கள்.

சகலைக்கு விரல் போனபோது பலகையில் பன்னிரண்டு. பன்னிரண்டு நாள் போனால் யாருக்கு என்ன? ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருத்தன் ஐஸ் வாங்கி வந்தான், இன்னொருத்தன் டார்ச் அடித்து விரலைத் தேடினான், மேஸ்திரி தன் கையாலேயே புத்தகத்தில் எழுதினார். ஆறு பேர் சாட்சிக் கையெழுத்து. மூன்று மாதத்தில் இழப்பீடு வந்துவிட்டது. அடிபடுவதற்கும் நல்ல நேரம் இருக்கிறது. அதையும் அவனே வாங்கி வந்திருந்தான்.

அந்தப் பணத்தில் அவன் வீட்டுக்குத் துணி துவைக்கும் மெஷின் வந்தது. என் மனைவி எங்கள் அழுக்குத் துணியை வாளியில் திணித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். “எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா, பிழியக்கூட வேண்டாம்” என்று வந்து சொல்வாள். என் சட்டையில் அவர்கள் வீட்டு சோப்பு வாசனை. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், நாள் முழுக்க அவன் என் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

மெஷினைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை.

கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, கம்பெனி அவனைக் கேட்டில் உட்கார வைத்தது. நீல பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பக்கக் கைப்பிடி உடைந்தது. மடியில் அட்டை, காதில் பென்சில், தலைக்கு மேல் ஃபேன். போகிற வருகிற பெட்டிக்கு ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு ஆனால் அஞ்சாவது குறுக்கே. அதுதான் வேலை. கூலியில் காசு குறையவில்லை.

சுமையோடு ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நான் அந்த நாற்காலியைக் கடப்பேன். ஒவ்வொரு தடவையும் “பாத்துண்ணே, படி இருக்கு” என்பான். கேட்டைத் தாண்டினதும் உள்ளே ஏற ஒரு படி. அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து அந்தப் படியில் நான் ஏறுகிறேன். எனக்குப் படி காட்டுகிறான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்த டிராலியின் பக்கத்தில் போய் நின்றேன். என் மோதிர விரலைப் பார்த்தேன். மாமனார் எனக்குப் போட்ட மோதிரம் வெள்ளி. நாலு வருஷம் கழித்து வந்த சின்ன மாப்பிள்ளைக்குத் தங்கம். விரலைத் தூணின் மேல் வைத்துப் பார்த்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள், எடுத்துவிட்டேன்.

பலகை தொண்ணூற்றேழைக் காட்டின அன்று என் ஜோடி வேலைக்கு வரவில்லை. ஜோடி என்றால் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கிறவன். பம்பு மோட்டார்ப் பெட்டிகள் வந்திருந்தன. ஒற்றை ஆளால் ஆகாது. ‘ஒன்னு, ரெண்டு, ஏய்’ என்று சொல்லி இரண்டு பேரும் ஒரே மூச்சில் நிமிர்ந்தாக வேண்டும். மற்ற ஆட்கள் எல்லாம் பின்பக்க லாரியில் இருந்தார்கள். “அரை மணி நேரம் பொறு, ஆள் அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஆபீசுக்குள் போனார்.

பொறுத்திருக்கலாம். ஆனால் எனக்கு நேர் எதிரே அவன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, பென்சிலைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக.

“என்ன சகலை, தர்பார் எப்ப கலையும்?” என்றேன்.

“லோடு இறங்கலையேண்ணே. இறங்கினாத்தானே கோடு போடலாம்.”

“வா, ஒரு கை குடு. இறக்கிடுவோம்.”

“டாக்டர் தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காருண்ணே. தெரிஞ்சா மேஸ்திரி கத்துவாரு.”

“விரலு போச்சா, இடுப்பு போச்சா? பென்சில் தூக்கித் தூக்கி உடம்பு நல்லா ஊறிப்போச்சு உனக்கு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்றேன், அந்த மெஷின்ல துணியோட உன்னையும் போட்டு ஒரு சுத்து சுத்தச் சொல்லி.”

சிரித்தான். சிரிக்கும்போதே காது சிவந்துவிட்டது. அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். அவன் எழுந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நாற்காலி காலியாக இருந்தது.

ஒன்னு, ரெண்டு, ஏய். தூக்கினோம். அவன் முன்னால், பின்பக்கமாக நடந்து படியேறினான். நான் கீழே. “அண்ணே, பிடி வழுக்குது” என்றான். விரல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் இல்லையே. பெட்டி என் பக்கம் சாய்ந்தது. விட்டுவிட்டு விலகியிருக்கலாம், அப்படி விடுவது தொழிலில் தப்பே இல்லை. அவன் கண் முன்னால் பெட்டியைப் போட எனக்கு மனசு வரவில்லை. முழுக் கனத்தையும் வாங்கினேன். ஈரத் துணியைக் கிழித்தது போல உள்ளே ஒரு சத்தம். அது எனக்கு மட்டும் கேட்டது.

தரையில் கிடந்தேன். பின்பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு, ஒருத்தர் பின் ஒருத்தராக, பலகையைப் பார்த்தார்கள்.

“சுளுக்காத்தான் இருக்கும்ணே” என்றான் ஒருத்தன்.

“இன்னும் மூணே நாளு” என்றான் இன்னொருத்தன், என்னிடம் இல்லை, பொதுவாக.

சகலை மட்டும், “ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணே, எழுதச் சொல்லுங்க” என்றான். அவன் சொன்னதாலேயே நான், “ஒன்னும் வேணாம், தைலம் போட்டாச் சரியாயிடும்” என்றேன். அந்த போனஸை முன்பணமாகக் கட்டி மெஷின் வாங்குவதாக நான் எண்ணி வைத்திருந்தேன். அவனுடையதைவிடப் பெரியது.

மூன்று நாள் பெட்டி அடுக்கில் சாய்ந்து நின்றே ஓட்டினேன். என் சுமையை ஆட்கள் பங்கு போட்டுத் தூக்கினார்கள். நூறு வந்தது, போனஸ் வந்தது. நூற்றொன்றாம் நாள் காலையில் இடது கால் என்னுடையதாக இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, வைத்தியம் நீளும், ஆபரேஷன்கூட ஆகலாம் என்றார் டாக்டர். எப்போது நடந்தது என்று கேட்டார். நாலு நாள் முன்னால் என்றேன். அவர் அதை எழுதவில்லை. புத்தகத்தில் இல்லாததை எப்படி எழுதுவது?

கம்பெனியும் அதையேதான் சொன்னது. அந்தத் தேதியில் விபத்து எதுவும் இல்லை. வீட்டில் எதையாவது தூக்கியிருப்பார். இழப்பீட்டு ஆபீசில் மனு கொடுத்தேன். வேலையில்தான் அடிபட்டது என்று கண்ணால் பார்த்த ஒருத்தர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். ஆட்களைக் கேட்டேன். “நாங்க பின்பக்க லாரில இருந்தோம்ணே, விழுந்ததைப் பாக்கலையே.” பொய்யும் இல்லை. பார்த்தோம் என்று சொன்னால் போனஸைத் திருப்பிப் பிடிப்பார்கள்.

கண்ணால் பார்த்தவன் ஒரே ஒருத்தன்தான். மறுமுனையைப் பிடித்தவன்.

கூலி இல்லாத முதல் மாதம் சேமிப்பில் போனது. அப்புறம் மனைவி ஒரு ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைக்கப் போனாள். அவள் குனிந்து குனிந்து வீட்டுக்குச் சோறு போட, நான் பலகைக் கட்டிலில் மல்லாந்து, முட்டிக்கு அடியில் தலையணை வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வாரம் இரண்டு முறை சகலை வருவான். துவைத்து மடித்த துணிக் கூடையை அவனே சுமந்து வந்து, சட்டென்று குனிந்து தரையில் வைத்துவிட்டு, சட்டென்று நிமிர்வான். அவன் குனிந்து நிமிர்வதை நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். சோறு இறங்காது.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள் மனைவி.

“கேக்க மாட்டேன்.”

“ஏன், வாயிலயும் அடிபட்டுடுச்சா?”

“அவன் தயவுல நான் நிமிரணுமா?”

“இப்ப நிமிர்ந்தா நிக்கிறீங்க? அவர் கட்டின கயித்தைப் பிடிச்சுத்தான் காலையில கக்கூஸ்லேர்ந்தே எந்திரிக்கிறீங்க.”

அவளே தங்கையிடம் கேட்டுவிட்டாள். மச்சினி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடி பேசினாள்.

“மாமா, ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிடறேன். இவர் சாட்சி சொன்னா, தூக்கக் கூடாதவர் தூக்கினாருன்னு ஆயிடும். கேட் வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீங்களே சொல்லுங்க, நான் போன்னு சொல்லவா?”

“வேணாம்மா” என்றேன்.

பெருந்தன்மையில் சொன்னேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்குள் நடந்தது வேறு. பார்த்தாயா, அவனும் என்னைப் போலத்தான், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன்தான் என்று ஒரு குளிர்ச்சி. நாலு மாதத்தில் முதல் முறையாக அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவன் வந்தான். கூடை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை.

“விசாரணை என்னிக்குண்ணே?”

“உன் வீட்டுக்காரி நேத்துத்தான்…”

“அவ சொல்லுவா. நீங்க தேதியைச் சொல்லுங்க.”

வந்த குளிர்ச்சி அத்தோடு போயிற்று.

விசாரணை அறை சின்னது. அதிகாரியம்மா தன் நாற்காலியில் முதுகுக்கு ஒரு மெத்தை வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எனக்குப் பெஞ்சு. அதன் நுனியில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் சமாளித்தேன். கம்பெனி வக்கீல் என்னைவிட இளையவர். குரல் உயரவே இல்லை. விசாரணைக்கு முன்னால், என் பக்கம் குனிந்து மனுவைச் சரிபார்த்த குமாஸ்தா சொல்லியிருந்தார்: “மேஸ்திரி சொல்லாம நீங்களா ஆளைக் கூப்பிட்டுத் தூக்கியிருந்தீங்கன்னா, உங்க மேலயே தப்புன்னு தள்ளிடுவாங்க. பாத்துப் பேசுங்க.” சகலையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் நடந்ததைச் சொன்னான். தேதி, பெட்டி, படி, பிடி வழுக்கினது. விரல் இல்லாத கையைத் தூக்கி, எப்படி வழுக்கினது என்று காற்றில் பெட்டியைப் பிடித்துக் காட்டினான். பலகையைப் பற்றியும் சொல்லிவிட்டான்.

“தூக்கக் கூடாதுன்னு உங்களுக்கு டாக்டர் சீட்டு இருக்கு. அதை மீறி ஏன் தூக்கினீங்க?” என்றார் வக்கீல்.

“ஆள் இல்லைங்க.”

“யார் கூப்பிட்டது? மேஸ்திரியா?”

“இல்லைங்க.”

“அப்ப இவரா?” வக்கீல் பேனாவால் என்னைக் காட்டினார்.

சகலை என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடிதான். ஆமாம் என்று சொன்னால் அவனுக்கு நல்லது. பெரியவர் கூப்பிட்டார், மறுக்க முடியாமல் போனேன் என்றால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். நாற்காலி தங்கும்.

“யாரும் கூப்பிடலைங்க. அண்ணன் ஒத்தையில கஷ்டப்பட்டாரு. நானாத்தான் போனேன்.”

அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். “அவர் சொல்றது சரிதானா?”

வாயைத் திறந்தேன். தர்பார், பென்சில், மெஷின் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. வீட்டு வாடகையும் வந்தது. துடைப்பத்தோடு குனிந்து நிற்கிற மனைவியும் வந்தாள்.

“ஆமாங்க” என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது அவன் என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தாங்கினான். “ஏன்டா அப்படிச் சொன்னே?” என்று கேட்டேன். “வேற என்னத்தைண்ணே சொல்றது, மெஷின்ல போட்டுச் சுத்தச் சொன்னீங்கன்னா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலில் முந்தினான், பணத்தில் முந்தினான். இப்போது நல்லவனாக இருப்பதிலும் முந்திவிட்டான், அதில் பின்தொடர்ந்து ஓடக்கூட என்னால் முடியாது.

பணம் வந்தது. தாமதமாகச் சொன்னதற்காகக் கொஞ்சம் வெட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் அவன் விரலுக்கு வந்ததைவிடக் குறைவு. அதற்கும் ஒரு நாள் முழுக்க வயிறெரிந்தேன். ஆபரேஷன் ஆயிற்று. வாடகை பாக்கி தீர்ந்தது. மெஷினும் வாங்கினோம், பெரியதாகவே. மனைவி அதில் முதல் நாள் துணி போட்டுவிட்டு, “தங்கச்சி வீட்டுக்குப் போயிப் பேசிக்கிட்டே துவைக்கிறது நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

கம்பெனி போனஸை எல்லார் கூலியிலும் பிடித்தது. ஆட்கள் என் மேல் கோபப்படவில்லை, நான் நோயாளி. “மோதிரம் வாயைத் திறந்தான், பத்து நாள் கூலி போச்சு” என்று அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தானாகப் போய்த் தூக்கத் தெரிந்தவனுக்கு டாக்டர் சீட்டு எதற்கு என்று மேனேஜர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அவன் திரும்பவும் லோடு ஏற்றப் போனான்.

கேட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பின எனக்குக் கனம் தூக்கக் கூடாது என்று ஒரு சீட்டு இருந்தது.

ஏழு வாரமாக நான் அதில் உட்காருகிறேன். உடைந்த கைப்பிடி விலாவில் குத்துகிறது. ஃபேனில் நினைத்த அளவு காற்று வரவில்லை. அவன் சுமையோடு என்னைக் கடந்து போகிறான். இடது கைக்கு ஒரு கையுறை, அதில் காலி விரலுக்குள் பஞ்சு அடைத்து மச்சினி தைத்துக் கொடுத்திருக்கிறாள். “பாத்து சகலை, படி இருக்கு” என்கிறேன். “தெரியும்ணே” என்கிறான். குத்தல் இல்லாமல்தான் சொல்கிறான். பெட்டியை இறக்கிவிட்டு நிமிர்கிறான். எதையும் பிடிக்காமல், ஊன்றாமல், வில் போல நிமிர்கிறான். எனக்கு வயிறு எரிகிறது. அட்டையில் கோடு போடுகிறேன்.

மேனேஜர் அறை நாற்காலியிலிருந்து பதினெட்டு அடி. நடக்க இப்போது வலிப்பதில்லை. போய், அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது நான்தான் என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் வாங்கின பணத்துக்கு ஆபத்து, அதனால் போகவில்லை.

சகலைக்கு நான் தர வேண்டியது ஒரு நாற்காலி. இன்னும் தரவில்லை.